மறைவு: வெள்ளிக்கிழமை முதல்

முருகன் துணை

அன்புள்ள தம்பி கலையரசனுக்கு, உன் அக்கா கலியம்மாள் எழுதுவது. இவ்விடம் அனைவரும் நலம், அவ்விடம் நலமா என்று ஆரம்பிக்க வேண்டும் என்று நமக்குப் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தார்கள். இவ்விடம் நலம் இல்லை. அவ்விடம் நீ நலமாக இருந்தால் அது எனக்குப் பிடிக்கவில்லை. சின்னப் பிள்ளைகள் இருக்கிற வீடு என்பதால் உன் பெண்டாட்டி சுவாதியும் பிள்ளைகளும் நலமாக இருக்கட்டும். உன்னைப் பற்றிக் கடைசியில் எழுதுகிறேன்.

போனில் சொல்லாமல் ஏன் கடிதம் என்று நினைப்பாய். போன் போட்டால் நான் வாயைத் திறப்பதற்குள் நீ "அக்கா" என்று அழ ஆரம்பித்துவிடுகிறாய். நீ அழுதால் எனக்கு உன்னைச் சமாதானப்படுத்தத்தான் வாய் வருகிறது. செத்தது என் புருஷன், நான் உன்னைத் தேற்றிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். திட்ட வேண்டியதெல்லாம் நெஞ்சிலேயே நின்றுபோய் எனக்குச் சோறு இறங்கவில்லை. கடிதத்தில் நீ குறுக்கே அழ முடியாது. அதனால் ஒரு இடத்தில் உட்கார்ந்து படி. பக்கத்தில் அசிஸ்டெண்ட் யாரையும் வைத்துக்கொள்ளாதே. இதைப் படித்துவிட்டு எவனாவது "சார், நல்ல சீன் சார்" என்று சொன்னால் அவன் வீட்டு அட்ரஸை எனக்கு அனுப்பு.

எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். உன் மாமாவின் குரல். அது உன் ஆபீஸில் ஏதோ ஒரு பெட்டிக்குள் கிடக்கிறது. வருகிற ஞாயிற்றுக்கிழமை கருமாதி. வரும்போது அதைக் கொண்டுவந்து என் கையில் கொடு. எங்கள் வீட்டில் இல்லையா என்று கேட்பாய். இல்லை. மகள் கவிதா போனில் பேரன் பிறந்தநாளுக்கு அவர் ஏதோ பேசி வாழ்த்துகிற வீடியோ ஒன்று இருக்கிறது, அதற்கு மேலே அவள் ஒரு பாட்டைப் போட்டுவிட்டாள், இப்போது பாட்டுதான் கேட்கிறது. அவளைத் திட்டினேன். "நல்லா இருக்கும்னு போட்டேம்மா" என்று அழுகிறாள். தாய்மாமன் புத்தி வராமல் எங்கே போகும்.

உன் மாமா யார் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, ஆனால் நீ மறந்துவிட்ட மாதிரி நடப்பதால் சொல்கிறேன். ஜெயங்கொண்டம் பஸ் ஸ்டாண்டில் செல்லமுத்து கண்டக்டர் "கும்மோணம் கும்மோணம் கும்மோணம்" என்று ஒரு குரல் கொடுத்தால் பூக்கடைக்காரி வரைக்கும் ஒரு நிமிஷம் பையைத் தூக்கிக்கொண்டு எழுந்திருப்பாள், அவள் எங்கேயும் போக வேண்டியதில்லை என்றாலும். விசில் ஊதாத கண்டக்டர் இந்த ஜில்லாவிலேயே அவர் ஒருத்தர்தான். வாயாலேயே ரைட் கொடுப்பார். ஓய்வு பெற்ற பிறகும் விடவில்லை. வீடு ரோட்டு மேலேயே இருக்கிறதா, காலையில் முதல் பஸ் நம் வாசலைத் தாண்டும்போது டிரைவர் இளவரசன் ஒரு ஹாரன் அடிப்பார், இவர் டீ டம்ளரோடு வாசலுக்குப் போய் "ரைட்ட்ட் போலாம்" என்பார். அதற்கப்புறம்தான் எனக்கு விடியும். அந்தக் குரலைத்தான் நீ மூன்று தடவை சாகடித்தாய்.

முதல் தடவை நீ எடுத்த அந்த ஆல்பம் பாட்டு. காதலி பஸ் ஏறிப் போகிறாள், பையன் ரோட்டிலேயே நிற்கிறான், கண்டக்டர் ரைட் கொடுத்ததும் பஸ் கிளம்புகிறது. அவ்வளவுதான் கதை. உன் மாமாவுக்கு ஒரு வார்த்தைதான் வசனம், ஆனால் அவர் அதற்காகக் காக்கிச் சட்டை புதிதாகத் தைத்துக்கொண்டார், தொண்டை கட்டக் கூடாது என்று மோரை நிறுத்தினார், பஸ் ஸ்டாண்ட் முழுக்க "எம் மச்சான் டைரக்டராயிட்டான், நம்ம கொரலு யூட்யூப்ல வருது" என்று சொல்லிவைத்தார். பாட்டு வெளியான அன்றைக்கு டீக்கடையில் டிரைவர் கண்டக்டர் எல்லாரும் ஒரே போனுக்குள் தலையை விட்டுக்கொண்டு பார்த்தார்கள். அவர் வாயைத் திறந்தார். புல்லாங்குழல் வந்தது. வாய் பெரிதாகத் திறந்து மூடுகிறது, கழுத்து நரம்பு புடைக்கிறது, உள்ளேயிருந்து புல்லாங்குழல் வருகிறது. அன்றிலிருந்து அவரைப் புல்லாங்குழல் கண்டக்டர் என்றே கூப்பிட்டார்கள். நான் உன்னைத் திட்டப் போனை எடுத்தேன், அவர் பிடுங்கி வைத்துவிட்டு, "வுடுடி, புள்ள முன்னுக்கு வரட்டும்" என்றார்.

நீ முன்னுக்கு வந்து டாக்குமெண்டரி எடுத்தாய். நம்ம ஊரெல்லாம் ஒரு காலத்தில் கடலாக இருந்ததாம், பெரம்பலூர்ப் பக்கம் ஓடையில் சங்கும் சிப்பியும் கல்லாகிக் கிடக்கிறதாம். நல்ல விஷயம்தான், நான் குறை சொல்லவில்லை. நீ பேச வைக்க நினைத்த விவசாயி அன்றைக்குப் பார்த்துக் கல்யாணத்துக்குப் போய்விட்டார். உடனே மாமா ஞாபகம் வந்தது உனக்கு. ஜெயங்கொண்டத்திலிருந்து அவரைக் காரில் ஏற்றிக்கொண்டு போய் அந்தச் செம்மண் ஓடையில் நிறுத்தி, கையில் மண்வெட்டியைக் கொடுத்து, "மாமா, மனசுல பட்டதப் பேசுங்க" என்றாய். கண்டக்டர் மனசில் என்ன படும். அந்த ஓடையோரம் மழையில் பஸ் சிக்கிக்கொண்டபோது பின் சீட்டில் ஒரு பெண்ணுக்கு வலி எடுத்த கதையைச் சொன்னார். டாக்டர் இல்லை, வண்டியில் இருந்த கிழவிகள்தான் பார்த்தார்கள், பிள்ளை பிறந்ததும் முதலில் இவர் கையில்தான் கொடுத்தார்கள், இவர் டிக்கெட் பையைக் கழற்றி வைத்துவிட்டு வாங்கி ஆட்டினாராம். சவுண்டுக்காரர் வந்து, "ஐயா, கொஞ்சம் மெதுவாப் பேசுங்க, மீட்டரு முள்ளு செவப்புக்குப் போவுது" என்றாராம். "தம்பி, நான் மெதுவாப் பேசுனா பின் சீட்டுக்காரன் எப்புடி எறங்குவான்" என்றாராம் இவர். வீட்டுக்கு வந்து அதை எவ்வளவு சந்தோஷமாகச் சொன்னார் தெரியுமா.

மெட்ராஸில் அந்தப் படத்துக்குப் பரிசு கொடுத்த அன்றைக்கு எங்கள் இரண்டு பேரையும் முன் வரிசையில் உட்கார வைத்தாய். திரையில் உன் மாமா வந்தார். இரண்டு கையையும் சேர்த்துப் பிள்ளையை ஆட்டிக் காட்டுகிறார். ஏதோ ஒரு கனத்த குரல், வானொலியில் சாவுச் செய்தி வாசிக்கிற மாதிரி, "கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் இங்கே அலைகள் தவழ்ந்தன" என்கிறது. எல்லாரும் கை தட்டினார்கள். கீழே எழுத்து போட்டாயே, உள்ளூர் விவசாயி என்று. அவர் உள்ளூரும் இல்லை, விவசாயியும் இல்லை. சட்டைப் பையில் பஞ்சிங் மிஷினைப் போட்டுப் போட்டு அந்த இடம் இன்னும் தொங்குகிறது, அது கூடவா உன் கண்ணில் படவில்லை. "கை தட்டுறாங்களே, எங் கொரலு எப்ப வரும்" என்று என்னிடம் ரகசியமாகக் கேட்டார். படம் முடிந்து விளக்கைப் போட்ட பிறகும் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார், ஒரு வேளை கடைசியில் வருமோ என்று. நீ மேடையில் நின்று மண்ணின் குரல் மண்ணின் குரல் என்று பேசிக்கொண்டிருந்தாய்.

அப்புறம் அந்தச் சிரிப்புப் படம். பேரை எழுத மாட்டேன், துக்க வீட்டில் எழுதுகிற பேர் இல்லை. அதில் உன் மாமாவைப் பிணமாகப் படுக்க வைத்தாய். ஊரே அழுகிறது, பிணம் எழுந்து உட்கார்ந்து சோறு கேட்கிறது. இந்தத் தடவை வசனம் அவர் குரலில்தான் இருக்கும் என்று என் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்தாய். உன் தொழிலில் சத்தியத்துக்கும் டப்பிங் உண்டு என்று எனக்குத் தெரியாது. ஜெயங்கொண்டத்துத் தியேட்டரில் நாங்கள் எல்லாரும் போய் உட்கார்ந்தோம். பிணம் எழுந்தது. "ஏனுங்க, கொஞ்சம் சோறு போடறதுங்களா" என்று கோயமுத்தூரில் பேசியது. தியேட்டரே சிரித்தது, நானும் என்னை அறியாமல் சிரித்துவிட்டேன், அது வேறு இப்போது குத்துகிறது. அவர் மட்டும் தன் தொண்டையைத் தடவிப் பார்த்துக்கொண்டார். வெளியே வந்து, "நம்ம பேச்சு மெட்ராஸ்காரனுக்குப் புரியாதுல்ல, அதுக்காவ மாத்திருப்பான்" என்றார். அப்போதும் உன் பக்கம்தான்.

இதோடு விட்டிருந்தால்கூட நான் மன்னித்திருப்பேன். அந்தப் படத்துக்கு விளம்பரம் என்று ஒரு காரியம் செய்தாயே, அதைத்தான் மன்னிக்க மாட்டேன். ஜெயங்கொண்டம், அரியலூர், பெரம்பலூர் என்று எல்லா பஸ் ஸ்டாண்டிலும் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் ஒட்டினாய். மூக்கில் பஞ்சு, கழுத்தில் மாலை, அந்தக் கோலத்தில் உன் மாமா ஒரு கண்ணை அடித்துக்கொண்டு இருக்கிறார். மேலே அவருடைய நிஜப் பேர். தோற்றம் என்று அவர் பிறந்த தேதி. மறைவு: வெள்ளிக்கிழமை முதல். அடியில் பொடி எழுத்தில், குடும்பத்துடன் வந்து சிரித்து மகிழுங்கள். பொடி எழுத்தை எவன் படிப்பான். போட்டோவையும் பேரையும் பார்த்துவிட்டு டிரைவர்கள் ட்யூட்டி முடிந்த கையோடு மாலை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டார்கள். இவர் வாசலில் பல் துலக்கிக்கொண்டு நின்றார். மாலையும் கையுமாக ஆட்கள் வருவதைப் பார்த்து நுரையைத் துப்பிவிட்டு, "யாருய்யா போயிட்டது" என்று அவர்களிடமே கேட்டார். வந்தவர்களுக்கெல்லாம் நான் டீ போட்டேன். செத்தவரே டம்ளர் எடுத்துக் கொடுத்தார்.

அன்றைக்குத்தான் என் நாத்தனார் பாக்யலட்சுமி செட்டிகுளத்திலிருந்து பஸ் மாறி மாறி வந்து சேர்ந்தாள். ரோட்டிலிருந்தே மாரில் அடித்துக்கொண்டு வருகிறாள், தலையெல்லாம் அவிழ்ந்து கிடக்கிறது. இவர் ஓடிப்போய், "ஏம்மா அழுவுற, யாரு என்ன சொன்னா" என்று கையைப் பிடித்தார். அவள் அப்படியே சாய்ந்துவிட்டாள். தண்ணீர் தெளித்து எழுப்பினால் எழுந்ததும் முதல் வார்த்தை, "அண்ணே, இனிமே நீ நெசமாவே செத்தாலும் இந்த வாசல மிதிக்க மாட்டேன்." ஒரு வாய்த் தண்ணீர் குடிக்காமல் திரும்பிப் போனாள். இவர் பின்னாலேயே போய் ஜன்னலோர சீட் பிடித்துக் கொடுத்துவிட்டு வந்தார்.

அப்புறம் நிஜமாகவே போய்விட்டார். காலையில் டீ குடித்தார். ஹாரன் கேட்டது. வாசலுக்குப் போனார், ரைட் கொடுத்தார், வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். நான் டம்ளரை வாங்கப் போனேன். அவ்வளவுதான்.

போஸ்டர் அடிக்க மகன் அசோக்கை டவுனுக்கு அனுப்பினோம். அவன் அழுத அழுகையில் என்ன சொன்னானோ, ஃப்ளெக்ஸ் கடைக்காரர், "நம்ம கண்டக்டர் அண்ணன் படம் கம்ப்யூட்டர்லயே இருக்கே" என்று தேதியை மட்டும் மாற்றி அடித்துக் கொடுத்துவிட்டார். அதே பஞ்சு. அதே கண்ணடி. அடியில் அதே, குடும்பத்துடன் வந்து சிரித்து மகிழுங்கள். உடையார்பாளையம் டீக்கடையில் பங்காளி அழகேசன் அதைப் பார்த்துவிட்டு, "ரெண்டாம் பாகம் எடுக்கிறானா, பரவால்லியே" என்று இன்னொரு டீ சொன்னாராம். பாடைக்கு முன்னால் நிற்க வேண்டிய ஆள். கவிதா உறவுக்காரர் எல்லாருக்கும் வாட்ஸ்அப்பில் அப்பா போயிட்டாங்க என்று போட்டாள். வரிசையாகச் சிரிக்கிற பொம்மைகள் வந்தன. சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வருகிற பொம்மை ஒன்று இருக்கிறதே, அதை அவள் அழுகிற பொம்மை என்று நினைத்து எல்லாருக்கும் நன்றி என்று போட்டிருக்கிறாள். பாக்யலட்சுமிக்கு ஆள் போய்ச் சொன்னதற்கு, கதவைச் சாத்திக்கொண்டு, "போன தடவ வுட்ட கண்ணீருக்கே இன்னும் கணக்கு தீரல" என்றாளாம்.

இவர்களையெல்லாம் நான் ஒன்றும் சொல்ல மாட்டேன். நீ என்ன செய்தாய். "சூப்பர், மாமா நடிப்பு வேற லெவல், இதையே ஸ்டேட்டஸ்ல போடச் சொல்லு" என்று பதில் அனுப்பிவிட்டு மலை மேல் ஷூட்டிங்குக்கு ஏறிவிட்டாய். அங்கே டவர் இல்லை. நீ இறங்கி வந்து போனைப் பார்ப்பதற்குள் இங்கே சாம்பல் ஆறிவிட்டது. பிறந்த வீட்டுக் கோடி போட என் தம்பி இல்லை, யாரோ சித்தப்பா மகன் வந்து தோளில் போட்டுவிட்டுப் போனான்.

பக்கத்து வீட்டு ஆட்களும் கவிதா புருஷனும்தான் தூக்கினார்கள். ரோட்டில் போகும்போது ஒரு பஸ் நின்றது. ஜன்னலில் எல்லாரும் போனை நீட்டிப் படம் எடுக்கிறார்கள், ஒருத்தன் எட்டிப் பார்த்து, "கேமரா எங்கடா இருக்கு" என்கிறான், ஒரு பிள்ளை டாட்டா காட்டுகிறது. டிரைவர் சீட்டிலிருந்து இளவரசன் இறங்கி வந்தார். செருப்பைக் கழற்றினார். "திரும்பி வரப்பவும் ஹாரன் அடிச்சேன் அண்ணி, அண்ணன் கொரலு வல்ல. அப்பவே தெரிஞ்சிருச்சு" என்றார். ஊரில் நம்பினது அந்த ஒரு மனுஷன்தான், அதுவும் போஸ்டரைப் பார்த்து இல்லை. மறுபடி வண்டியில் ஏறி, நாங்கள் சுடுகாட்டுப் பாதையில் திரும்புகிற வரைக்கும் ஹாரனிலிருந்து கையை எடுக்கவே இல்லை.

இப்போதும் தினம் காலையில் நம் வாசலில் அடிக்கிறார். அடிக்காதீர்கள் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. அடித்துவிட்டுக் கொஞ்சம் நிற்கிறார். நான் கதவுக்குப் பின்னால் நிற்கிறேன், தொண்டை வரைக்கும் வருகிறது, ஆனால் அது நான் சொல்கிற வார்த்தை இல்லை. பதில் வாங்காமலே பஸ் போகிறது.

அதனால்தான் கேட்கிறேன். பாட்டுக்குப் புல்லாங்குழல் வைத்தாயே, அதற்கு முன்னால் அவர் சொன்ன ரைட் எங்கே. பிள்ளையை ஆட்டிக்கொண்டு சொன்ன கதை எங்கே. பிணமாக இருந்து சோறு கேட்டது எங்கே. முள் சிவப்புக்குப் போனால் போகட்டும். நீ வேண்டாம் என்று வெட்டிப் போட்டதெல்லாம் எனக்கு வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மைக் செட்டில் அதைத்தான் போடப் போகிறேன், சினிமாப் பாட்டு கிடையாது என்று செட்டுக்காரரிடம் சொல்லிவிட்டேன்.

நீ வருவதற்குச் சில கண்டிஷன் இருக்கிறது. கேமரா என்று ஒன்று என் வாசல்படி தாண்டக் கூடாது. மேலே பறக்கிற கேமராவுக்கும் இது பொருந்தும், முருங்கை மரத்துக்கு மேலே தெரிந்தால் கல்லால் அடிப்பேன். கறுப்புக் கண்ணாடி போடக் கூடாது, அழுவதாக இருந்தால் தெரிகிற மாதிரி அழு. கோடிச் சேலை கடையில் வாங்கியதாக இருக்க வேண்டும், ஷூட்டிங்குக்கு வாடகைக்கு எடுத்ததைச் சலவை போட்டுக் கொண்டுவந்தால் பார்டரைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவேன். நான் அழும்போது என் முகத்துக்கு நேராக எவனும் வெளிச்சத்துக்கு வெள்ளை அட்டை பிடிக்கக் கூடாது.

சுவாதி குளிரில் அலைய வேண்டாம், பிள்ளைகளை நேரத்துக்குச் சாப்பிட வை. உன்னைப் பற்றிக் கடைசியில் எழுதுகிறேன் என்றேன். நீயும் நன்றாக இருக்க வேண்டும் என்று செட்டிகுளம் முருகனிடம் வேண்டிக்கொண்டேன். உடனே வேண்டாம், எனக்குக் கோபம் தீர்ந்த பிறகு என்று சேர்த்துச் சொல்லியிருக்கிறேன்.

இப்படிக்கு
உன்னைத் தூக்கி வளர்த்த பாவத்துக்கு
அக்கா கலியம்மாள்

பின்குறிப்பு: கவரை ஒட்டப்போகிற நேரத்தில் பாக்யலட்சுமி போன் பண்ணினாள். நிஜம் தெரிந்ததிலிருந்து அவள் சாப்பிடவில்லையாம். "எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு அண்ணி நான் வர்றது, வரமாட்டேன்னு அண்ணங்கிட்டயே சொல்லிட்டுல்ல போனேன்" என்று அழுகிறாள். நான் என்ன சொல்லியும் கேட்கவில்லை. என் வாயில் எப்படி வந்தது என்று தெரியவில்லை, "நீ கருமாதிக்கு வராட்டிப் போ, தம்பி கேமரா எடுத்துக்கிட்டு வர்றான், ஷூட்டிங்னு நெனச்சிக்கிட்டு வா" என்றேன். அப்புறம் மூக்கைச் சிந்திவிட்டு, "எந்தக் கலரு சேல கட்டணும் அண்ணி" என்றாள். அவள் யார் யாரிடம் சொன்னாளோ, அடுத்த கொஞ்ச நேரத்தில் அழகேசன் போன், தாடியை எடுக்கவா வைத்துக்கொள்ளவா என்று. அவருக்கும் அதே வெட்கம்தான். போஸ்டரைப் பார்த்துச் சிரித்தவன் எல்லாம் ஞாயிற்றுக்கிழமை வரப்போகிறான். அதனால் மேலே கேமராவைப் பற்றி எழுதியதை அடித்துவிடு. கொண்டுவா. இருக்கிறதிலேயே பெரியதாகக் கொண்டுவா, அது ஓட வேண்டும் என்றுகூட இல்லை. வெள்ளை அட்டையும் பிடிக்கச் சொல். முதலில் எல்லாரும் நடித்துத்தான் அழுவார்கள், அழட்டும். அப்போது நீ மைக் செட்டில் அவர் குரலைப் போடு. அதற்கப்புறம் நான் சொல்கிற வரைக்கும் கட் என்று மட்டும் சொல்லாதே.